பிசிறு இல்லாத ஸ்கீ

மார்ட்டீன் அந்த மலையிலிருந்து இறங்கவில்லை என்று சொன்னவன் நான்தான்.

அவள் இறங்கினாள். அதற்கு முன் எவரும் இறங்கியிராத பனிச்சுவர் ஒன்றில், ஒரு காலை வேளையில், தன்னந்தனியாக, இரண்டு ஸ்கீப் பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு இறங்கினாள். அதைப் பொய் என்று நான் ஒரு பத்திரிகைக்காரனிடம் சொன்னேன். என் பெயர் வெளியே வரவில்லை. இன்றுவரை வரவில்லை!

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. மொன்றியலில் எங்கள் வில்லரேப் பக்கம் குடியிருப்பவராக இருந்தால் தயவுசெய்து இத்தோடு நிறுத்திவிடுங்கள்... இல்லை, வாசியுங்கள். ஆனால் உங்களையும் நான் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை அறிந்துகொண்டு வாசியுங்கள்.

என் மனைவி றெஜினா அடிக்கடி சொல்வாள்: "இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஆரிலைதான் சந்தேகமில்லை? கடிதம் போடுறவனிலை தொடங்கிப் பாப்பரசர் மட்டும்!" சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று நான் யோசிப்பேன்.

என் பெயர் ஜெறோம். வில்லரேயில் ஒரு கடையின் நிலவறையில் வேலை. கோடையில் சைக்கிள், குளிர்காலத்தில் ஸ்கீ. மொன்றியலில் பல கடைகள் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் திருத்தியவன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். முதல் பனி விழுந்ததும் முதலாளி சைக்கிள்களை ஓரங்கட்டிவிட்டு ஒரு சோடி ஸ்கீயைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். அதற்கு முன் அந்தச் சாமானை நான் கையால் தொட்டதில்லை.

ஆனால் கைக்கு வேலை பிடிபட்டுவிட்டது. ஸ்கீயின் இரு பக்கமும் உருக்கு விளிம்பு ஓடும். கட்டிப்பனியைக் கடித்துக்கொண்டு ஆளைத் தாங்குவது அதுதான். உரசி உரசி அது மழுங்கும்போது ஓரத்தில் மயிரிழை போலப் பிசிறு எழும்பும். ஈரத்தோடு பைக்குள் போட்டால் ஒரே நாளில் துரு ஏறும். நான் விரல் நகத்தை வைத்து ஒரு இழுவை இழுத்தால் போதும்... அந்த ஸ்கீ எங்கே போய் வந்தது, அதில் நின்றவர் பயந்தாரா பயப்படவில்லையா, எல்லாம் சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்று நினைத்திருந்தேன்!

இவ்வளவுக்கும் ஸ்கீயில் ஒருநாளாவது ஏறி நின்றவன் அல்ல நான்.

வருகிற எல்லோரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: இறங்கிய அன்றைக்கே, சப்பாத்துக் கழற்ற முதலே, விளிம்பைச் சாணைக்கல்லால் இழு, பிறகு துடைத்துக் காயவிடு. தலையாட்டுவார்கள். ஒருவரும் செய்வதில்லை. சிலருக்கு விரல் நீளத்தில் ஒரு சாணைக்கல்லையும் சும்மா கொடுத்துப் பார்த்தேன். அடுத்த வருடம் கேட்டால் அது எங்கே போனதென்று தெரியாது. ஸ்கீ மட்டும் துருவோடு வரும்.

மார்ட்டீன் மற்ற வாடிக்கையாளரைப் போன்றவள் அல்ல. வடக்கே லோறன்ஷியன் மலைப்பக்கத்துக்காரி. தகப்பன் தெருப்பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். போட்டிகளில் கொடிகளைச் சுற்றிச் சுற்றி ஓடி அலுத்துப்போய், இருபது வயதில் அதை உதறிவிட்டு மலைகளுக்குப் போனாள். முதலில் காஸ்பேயின் மலையிடுக்குகள். பிறகு அலாஸ்கா. பிறகு அல்ப்ஸ். கயிறு கட்டி ஏறுகிறவர்களே இரண்டு தரம் யோசிக்கும் சரிவுகளில் இவள் ஸ்கீயோடு இறங்குவாள். ஹெலிகொப்டரில் போய் உச்சியில் குதிக்கமாட்டாள். ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு தானே ஏறி, பனியைக் கையால் கிண்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்பி நடப்பாள். விழுந்தால் சாவு. அந்த விளையாட்டில் இருக்கும் ஒரே சட்டம் அது. இந்த மாகாணத்தில் அதைத் தொடங்கிவைத்த பெண் அவள்தான்.

அப்படிப்பட்டவள் என் நிலவறைப் படிகளில் இறங்கி வந்து, பிய்ந்துபோன விளிம்பு ஒன்றை என் முன்னால் வைத்தாள். அவள் பேசியது பிரெஞ்சு. என் தலைக்குள் மட்டும் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும்.

"இதைத் திருத்தேலாது எண்டு மூண்டு கடையிலை சொல்லிப்போட்டினம். உன்னாலை ஏலுமோ?"

"ஓம்," என்றேன்.

அன்றிலிருந்து ஆறு குளிர்காலம் அவளுடைய ஸ்கீ வேறு எவர் கைக்கும் போகவில்லை. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. அவளுடைய படம் வந்த பத்திரிகைகளை வாங்கி, கால்களை மட்டும் பார்ப்பேன். அந்த விளிம்பு என் வேலை!

பிறகுதான் பெரு நாட்டு மலை வந்தது.

அவளோடு எப்போதும் போகிறவன் ஜில். பத்து வருடமாக அவளோடு மலையேறுகிறவன், படம் பிடிப்பவனும் அவன்தான். அன்றைக்கு அவன் கமராவோடு எதிர் மலைமுகட்டில் காத்திருந்தான். அவள் உச்சியை அடைந்த நேரம் பார்த்து முகில் இறங்கிவிட்டது. மணிக்கணக்காக வெள்ளை. முகில் விலகியபோது அவள் அடிவாரத்தில் நின்றாள். படம் இல்லை, பார்த்தவர் இல்லை. "இறங்கினேன்" என்று அவள் சொன்னாள். உலகம் நம்பியது.

நான்?

டோர்வல் விமான நிலையத்திலிருந்து அவள் நேரே கடைக்குத்தான் வந்தாள். பையில் விமானக் கம்பனியின் துண்டுகூடக் கழற்றப்படவில்லை. களைத்திருந்தாள், ஆனால் அளவுக்கு மீறிச் சிரித்தாள். அவள் போனதும் பையைத் திறந்து விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தேன்.

பிசிறு இல்லை.

மறுபடி இழுத்தேன். நான்கு விளிம்பிலும் இழுத்தேன். பிசிறு இல்லை, துரு இல்லை. நான் தீட்டிக் கொடுத்தபடியே வழவழவென்று இருந்தது. அப்படிப்பட்ட கட்டிப்பனியில், அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கிய ஸ்கீயா இது? இடையில் எந்தக் கடைக்கும் போகவில்லை. அங்கே மலையில் எந்தக் கடை இருக்கிறது!

மிகச் சுத்தமாக இருப்பது பொய்... இதை எனக்குப் படிப்பித்தவர் ஒரு விசாரணை அதிகாரி. நான் அகதியாக வந்து கோரிக்கை வைத்தபோது, யாழ்ப்பாணத்தை விட்டுத் தப்பக் கிளாலிக் கடலைக் கழுத்தளவு நனைந்து கடந்தேன் என்று சொன்னேன். அவர் என் அடையாள அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கழுத்தளவு நனைந்தவரின் அட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர்க் கறைகூட இல்லையே?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். இரண்டு பிளாஸ்ரிக் சொப்பிங் பைக்குள் சுற்றி உச்சந்தலையில் கட்டிக்கொண்டு வந்தேன் என்றேன். அது முழு உண்மை. அவர் பாதி வாயால் சிரித்து எதையோ எழுதினார். முதல் தடவை என்னை மறுத்துவிட்டார்கள். இரண்டாம் தடவைதான் ஏற்றுக்கொண்டார்கள்.

அதனால் அந்த அதிகாரியை நான் வெறுத்திருக்க வேண்டும் அல்லவா? வெறுத்தேன். ஆனால் அவருடைய கண்ணை மட்டும் எப்படியோ எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன்!

அன்றிலிருந்து எல்லாம் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. அந்த முகில் ஏன் சரியாக அந்த நேரத்தில் வந்தது? மலைக்குப் பின்புறம் நடந்து இறங்க வழி உண்டு என்று அவளே ஒருமுறை சொன்னாளே? ஏன் அவ்வளவு சிரித்தாள்? பையைத் தரும்போது என் முகத்தைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா? இரவு சாப்பாட்டில் றெஜினாவிடம் மெல்லச் சொன்னேன்.

"உங்களுக்கு விசர்," என்றாள் அவள். "அவள் பொய் சொல்லுற ஆள் மாதிரியே கிடக்கு?"

"பொய் சொல்லுற ஆக்கள் பொய் சொல்லுற ஆள் மாதிரி இருக்கமாட்டினம்," என்றேன்.

இந்த இடத்தில் நான் உங்களிடமும் ஒன்றை ஒளிக்கப் பார்த்தேன். ஒளிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் அவளுடைய பேட்டி வானொலியில் போனது. ஸ்கீக் கம்பனிக்கு நன்றி சொன்னாள். ஜில்லுக்கு நன்றி. தாய்க்கு நன்றி. அவள் இல்லாத நேரம் பூனைக்குச் சாப்பாடு வைத்த பக்கத்து வீட்டுக்காரிக்கும் நன்றி! நான் ஸ்கீயின் அடியில் மெழுகு உருக்கித் தேய்க்கும் இஸ்திரியைப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றேன். பேட்டி முடிந்து பாட்டு வந்தது. யாரோ ஒருவருடைய ஸ்கீயின் அடிப்பாகத்தை நான் கருக்கிவிட்டிருந்தேன்.

அந்த நோவு இல்லாவிட்டால் என் சந்தேகம் வயிற்றுக்குள்ளேயே கிடந்து செத்திருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

பத்திரிகைக்காரன் அதற்குப் பிறகு வந்தான். கெட்ட எண்ணத்தோடு வந்தவன் அல்ல, அவளைப் புகழ்ந்து எழுதத்தான் வந்தான். ஸ்கீ திருத்துகிறவனிடமும் நான்கு வார்த்தை கேட்டால் அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பான்.

"அந்த மலையாலை வந்த ஸ்கீ சிதைஞ்சு போயிருக்குமே?" என்று கேட்டான்.

"இல்லை. ஒரு பிசிறும் இல்லை," என்றேன். நிறுத்தியிருக்கலாம்! அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். "அந்த ஸ்கீ அந்த மலையைக் காணேல்லை."

இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து பிழையில்லாமல் வந்த பிரெஞ்சு வசனம் அது ஒன்றுதான். அவன் பேனா நின்றது. என் பெயரைப் போட வேண்டாம் என்றேன். தலையாட்டினான். போகும்போது தன் தொலைபேசி இலக்கத்தை ஒரு அட்டையில் எழுதி வைத்துவிட்டுப் போனான்.

'அவருக்கு மிக நெருங்கிய, அவருடைய உபகரணங்களை நன்கு அறிந்த ஒருவர்' என்று கட்டுரையில் எழுதியிருந்தான். அவ்வளவுதான். பிறகு நடந்தவை எல்லாம் சத்தமில்லாமல் நடந்தன. ஸ்கீக் கம்பனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பேச அழைத்தவர்கள் பின்னால் பார்ப்போம் என்றார்கள். எந்த மலையில் யார் முதலில் இறங்கினார் என்று அந்த உலகத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி ஏறியது.

ஒரு கேள்விக்குறி! அது என் கையெழுத்து.

அவள் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். மேசைக்கு முன்னால் இருக்கும் முக்காலியில் உட்கார்ந்தாள். என் கைகள் வேலை செய்வதுபோல் நடித்தன.

"ஜெறோம், என்னோடை நெருங்கின ஆளாம். என்ரை சாமான் தெரிஞ்ச ஆளாம். ஆர் அது?"

நான் அடுத்த ஸ்கீயை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஜில் தானே? முகிலுக்குள்ளை தான் ஒண்டும் காணேல்லை எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறான். அவன்தானே?"

அப்போதும் அவள் பொய் சொல்கிறாள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பொய்க்காரிக்கு ஒரு பொய் சொன்னால் என்ன என்று மனம் கணக்குப் போட்டது. அதைவிட, பயம். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தால் பிடிபட்டுவிடுவேன் என்ற பயம்.

"இருக்கலாம்," என்றேன்.

ஒரே ஒரு சொல். பத்திரிகைக்குச் சொன்னதைவிட இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவள் எழுந்து, என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த பருவத்தில் அதே மலைக்குத் திரும்பப் போனாள். இம்முறை கமராக்காரர்கள் மூன்று பேர், எல்லோரும் புதியவர்கள். ஜில் இல்லை. கமராக்காரருக்கு நான்கு நாள்தான் இருந்தது. பனி சரியில்லை. முன்பென்றால் கையால் கிண்டிப் பார்த்துத் திரும்பி நடந்திருப்பாள். பாதிச் சரிவில் பனித்தட்டு உடைந்து அவளை அள்ளிக்கொண்டு போனது.

சாகவில்லை. இடுப்பும் முழங்காலும் போயின. ஜில் பக்கத்தில் நின்றிருந்தால் அந்தப் பனியில் காலை வைக்க விட்டிருக்கமாட்டான் என்று கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் தலையைக் குனிந்து விளிம்பு தீட்டிக்கொண்டிருந்தேன்.

வசந்தம் வந்து, கடையில் சைக்கிள் வேலை தொடங்கிய ஒரு பகலில், அவள் ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். எனக்குப் படியேறிப் போய்க் கை கொடுக்கத் தோன்றவில்லை. ஏன் வருகிறாள், தெரிந்துவிட்டதா, யார் சொன்னது என்றுதான் ஓடியது புத்தி.

முக்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உன்ரை. இனி எனக்குத் தேவையில்லை."

சாணைக்கல். விரல் நீளச் சாணைக்கல்! நடுவில் தேய்ந்து தேய்ந்து பள்ளம் விழுந்து, ஓடம்போல வளைந்திருந்தது. நான் கொடுத்ததா? எப்போது கொடுத்தேன்? எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன்...

"சப்பாத்துக் கழட்ட முதலே இழுக்கவேணும் எண்டு சொன்னனீ. எல்லா மலையிலையும் இழுத்தனான்," என்றாள். "அண்டைக்குப் பெருவிலையும்தான். கை நடுங்கிக்கொண்டு இருந்தது. கல்லைப் பிடிச்சு ஒரு மணித்தியாலம் இழுத்தாப் பிறகுதான் நடுக்கம் நிண்டது."

நான் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவளுடைய முந்திய ஸ்கீகளும் அப்படித்தானே சுத்தமாக வந்தன? வந்தன. ஆறு குளிர்காலமும் அப்படித்தான் வந்தன! பிய்ந்த விளிம்பைத் திருத்திய முதல் நாளில் அந்தக் கல்லைக் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவளுடைய விளிம்பு சுத்தமாக இருப்பது என் தீட்டலின் திறம் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அவளுடைய உழைப்பை ஆறு வருடம் என் பெருமையில் வரவு வைத்துவிட்டு, ஏழாம் வருடம் அதையே அவளுடைய பொய்யாக்கிவிட்டேன்.

நான் சொன்னதை ஒருவரும் செய்வதில்லை என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். ஒருத்தி செய்தாள். செய்ததற்குத் தண்டனை கொடுத்தேன்.

இரண்டு சொப்பிங் பைக்குள் சுற்றி வந்தேன் என்று ஒருகாலத்தில் கத்தியவன் நான்!

"எல்லாரும் விட்டிட்டுப் போட்டினம், ஜெறோம்," என்றாள் அவள். "நீ மட்டும்தான் என்னை ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்ததுகூட உண்மை. "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டேன்.

நான் கோயிலுக்குப் போகிறவன். பெரிய வெள்ளிக்கு முன்னால் எங்கள் தமிழ்ப் பங்கில் பாவசங்கீர்த்தனம் உண்டு. வருடா வருடம் முழந்தாளிட்டு, "பொய் சொன்னேன் சுவாமி" என்பேன். என்ன பொய் என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன். சுவாமிக்கு என் குரல் தெரியும். றெஜினாவின் குரலும் தெரியும். அவர் வாய் திறக்கமாட்டார் என்று சபை முழுவதும் நம்புகிறது... எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. ஆகவே பாவத்துக்குப் பரிகாரமாக அவர் தரும் மூன்று அருள்நிறை மந்திரத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். அந்த மூன்றும் எதற்கென்று கடவுளுக்குத் தெரியும்.

பத்திரிகைக்காரன் எழுதித் தந்த அட்டை இன்னும் என் சாவிப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. ஒரே ஒரு அழைப்பு. அந்தக் கல்லைக் காட்டி, நான் பிழையாகச் சொன்னேன் என்றால் கேள்விக்குறி அழிந்துபோகலாம். அழிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான்.

ஏன் அழைக்கவில்லை? வேலை போய்விடும் என்று உங்களுக்குச் சொல்லலாம், நீங்களும் நம்பலாம். அது காரணம் அல்ல. இந்த நகரத்தில் என்னை முழுதாக நம்புகிற ஒரே ஆள் அவள். அந்த முக்காலியில் அவள் உட்காராமல் போவதை என்னால் தாங்க முடியாது. இப்படி ஒரு கேவலம் உண்டா? அவளை நம்பாத நான், அவளுடைய நம்பிக்கையை மட்டும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறேன்!

மார்ட்டீன் இப்போது நகரத்துக்கு வெளியே ஒரு சின்னக் குன்றில் சிறு பிள்ளைகளுக்கு ஸ்கீ பழக்குகிறாள். அந்தப் பிள்ளைகளின் ஸ்கீகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு குளிர்காலம் முழுவதும் செவ்வாய்க்கிழமைகளில் வருவாள். ஜில்லும் என்னிடம்தான் வருகிறான். அவனுக்கு வெள்ளிக்கிழமை. அந்த நாட்களைப் பிரித்துக் கொடுத்தவன் நான். செவ்வாய் மெழுகு வேலை, வெள்ளி விளிம்பு வேலை என்று முதலாளிக்குக் காரணமும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வருடங்களில் அவர்கள் இருவரும் ஒரு நாளாவது அந்தப் படிகளில் சந்தித்ததில்லை.

ஜில் தலை நரைத்துவிட்டான். சென்ற குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பணம் கொடுத்த பிறகும் போகாமல் நின்றான்.

"அவளை நீ காணுறனீதானே? நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு சொல்லிவிடு. வேறை ஒண்டும் வேண்டாம். அதை மட்டும் சொல்லு."

"சொல்லுறன்," என்றேன்.

என் கையைப் பிடித்து இரண்டு கையாலும் குலுக்கினான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்றும் கேட்காமல் என் முகத்தைப் பார்த்தான். அவளிடம் ஒன்றும் சொல்லாமலே நான் இல்லை என்று தலையசைத்தேன். அவள் மன்னிக்கவில்லை என்று அவன் விளங்கிக்கொண்டு போனான்.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். யாரிடமாவது சொல்வீர்களா என்றுதான் யோசிக்கிறேன்.

இன்று காலை தொலைபேசி அடித்தது. ஜில். வெள்ளிக்கிழமை தனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை இருக்கிறதாம், ஸ்கீயைச் செவ்வாய்க்கிழமை கொண்டுவரலாமா என்று கேட்டான்.

அவள் தந்த சாணைக்கல், மேசையில் என் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. பள்ளத்தில் என் பெருவிரலை வைத்தேன். சரியாகப் பொருந்தியது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், செவ்வாய்க்கிழமை அவர்கள் இருவரும் இந்த நிலவறையில் நேருக்கு நேர் நிற்பார்கள். மிச்சம் தானாக நடந்துவிடும்.

"செவ்வாய் இடமில்லை, ஜில்," என்றேன். "அடுத்த வெள்ளி வா."